துறைச் செய்திமடலில் பாராட்டுப் பட்டியலைத் தவிர வேறு என்ன எழுதுவது?

முதல்மணி:

எல்லோருக்கும் வணக்கம். நாடகமும் நடனமும் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். ஒவ்வொரு பருவமும் முடியும்போது துறையிலிருந்து ஒரு செய்திமடல் வரும். இந்த முறை அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய இதழ்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வாக்கியங்கள்தான். இன்னார் விருது பெற்றார், இன்னார் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார், ஆண்டு நிகழ்ச்சி சிறப்பாக நடந்து பார்வையாளர்களின் பாராட்டைப் பெற்றது. அந்த நிகழ்ச்சியில் என்ன நடந்தது, மேடை எப்படி இருந்தது, யார் எதற்காகக் கஷ்டப்பட்டார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. துறையிலேயே யாரும் இதைப் படிப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் நடந்தவை இவை: நாடக மாணவர்களும் நடன மாணவர்களும் சேர்ந்து ஒரு தயாரிப்பு செய்தார்கள். நடன ஸ்டுடியோவுக்குப் புதிய தரை போட்டார்கள். வெளியிலிருந்து ஒரு நடன அமைப்பாளர் வந்து பயிலரங்கு நடத்தினார். நீண்ட காலம் கற்பித்த ஓர் ஆசிரியை ஓய்வு பெறுகிறார். முன்னாள் மாணவர் ஒருவருக்கு ஒரு நடனக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. இதில் தரை போட்டதையெல்லாம் செய்தி என்று எழுதலாமா? முக்கிய நடனக் கலைஞருக்குக் கணுக்காலில் அடிபட்டதால் நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தோம், அதை எழுதுவதா விடுவதா? யாருக்காக எழுதுகிறோம் என்பதே எனக்குத் தெளிவாக இல்லை, அதனால்தான் எங்கே தொடங்குவது என்றும் புரியவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

விங்ஸ்_ஓரம்:

தரையை முதல் பக்கத்தில் போடுங்கள், மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். நான் பல ஆண்டுகளாக ஸ்டேஜ் மேனேஜர், அதாவது ஒத்திகையையும் நிகழ்ச்சியையும் ஒருங்கிணைக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு துறையில் நடனம் ஆடுபவர்களின் முழங்காலையும் முன்கால் எலும்பையும் தீர்மானிப்பது அந்தத் தரைதான். சிமெண்ட் தளத்தின் மேல் நேரடியாக வினைல் விரிப்பைப் போட்டுவிட்டு நடனத் தரை தயார் என்று சொல்லும் இடங்கள் நிறைய இருக்கின்றன. வினைல் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. குதித்து இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அடியில் இருக்கும் மர அடுக்கு, அல்லது மரத்துக்கும் தளத்துக்கும் நடுவே வைக்கும் நுரை மெத்தை. அது இல்லையென்றால் மேலே எவ்வளவு நல்ல விரிப்பு போட்டாலும் அடி முழுவதும் உடம்புக்குத்தான். உங்கள் துறையில் போட்டது எந்த வகை, அடியில் என்ன இருக்கிறது, பழைய தரையில் என்ன பிரச்சினை இருந்தது, யார் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அதைக் கேட்டு அலைந்தவர் ஒருவர் எங்கேயாவது கட்டாயம் இருப்பார். அவர் பெயர் எந்தப் பாராட்டுப் பட்டியலிலும் வராது.

நாடக மாணவர்களுக்கும் அது உபயோகமான செய்தி. அந்தத் தரையில் ஆணி அடிக்கக் கூடாது, கனமான செட்டைச் சக்கரம் வைத்து உருட்டக் கூடாது, ஏணி வைத்தால் அடியில் பலகை போட வேண்டும், வினைலை மடிக்காமல் சுருட்டித்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒரே ஒத்திகையில் நாசம் செய்துவிடுவார்கள். செய்திமடலில் ஒரு பத்தி எழுதிவிட்டால் சுவரில் அறிவிப்பு ஒட்டுவதை விட அதிகம் பேர் படிப்பார்கள்.

அப்புறம் சேர்ந்து செய்த தயாரிப்பைப் பற்றி எழுதும்போது, எங்கே முட்டிக்கொண்டார்கள் என்பதை எழுதுங்கள். முட்டாமல் இருந்திருக்கவே முடியாது. நாடகத்துக்கு முகம் தெரிய வேண்டும், அதனால் முன்னாலிருந்து வெளிச்சம் கேட்பார்கள். நடனத்துக்கு உடம்பின் கனம் தெரிய வேண்டும், அதனால் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் கூட விளக்கு நிற்கும். அப்படி விளக்குகளை நிறுத்தினால் நடிகர்கள் விங்ஸ் என்ற மேடையோர மறைவிலிருந்து உள்ளே வரும் வழி அடைபடும். உங்கள் ஒளியமைப்பாளர் இதை எப்படிச் சமாளித்தார் என்று போய்க் கேளுங்கள், நல்ல பத்தி ஒன்று தானாகக் கிடைக்கும்.

சுவடிப்பெட்டி:

"யாருக்காக எழுதுகிறோம்" என்று கேட்டீர்கள். என் பதில்: இப்போது படிப்பவர்களுக்கும், இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இந்த நிகழ்ச்சியைத் தேடிக்கொண்டு வரப்போகிறவருக்கும். அரங்க ஆவணங்களோடு வேலை செய்கிறவன் என்பதால் இப்படித் தோன்றலாம். ஆனால் ஓவியம் சுவரில் இருக்கும், புத்தகம் அலமாரியில் இருக்கும், நம் துறையில் செய்யும் வேலை மட்டும் கடைசி நாள் விளக்கை அணைத்ததும் இல்லாமல் போய்விடுகிறது.

ஓர் உதாரணம். 1952 கோடையில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியின் உணவுக்கூடத்தில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆடினார், டேவிட் டியூடர் பியானோ வாசித்தார், சார்லஸ் ஓல்சனும் எம். சி. ரிச்சர்ட்ஸும் கவிதை படித்தார்கள், ராபர்ட் ராஷன்பர்க்கின் வெள்ளை ஓவியங்கள் மேலே தொங்கின. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. பிறகு வந்த ஹேப்பனிங் என்ற, பல கலைகள் கலந்து கதையில்லாமல் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு இதுதான் முன்னோடி என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு புகைப்படம் கூட இல்லை. அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. யார் எங்கே நின்றார், என்ன வாசித்தார், எது முன்னால் எது பின்னால் என்று இன்று வரை ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரமே யாராவது உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதியிருந்தால் போதும்.

இதற்கு மாறாக இன்னொன்று. ருஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' பாலே 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியது. அன்று அரங்கத்தில் எழுந்த கூச்சல்தான் எல்லோருக்கும் தெரிந்த கதை. நடனமோ சில முறை மட்டும் ஆடப்பட்டு மறைந்துபோனது. மிலிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் அதைத் திரும்பக் கட்டி, 1987இல் அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு மேடையேற்றியது. அவர்கள் கையில் இருந்தவை ஒத்திகையில் உதவியாளராக இருந்த மரீ ராம்பேர் இசைப்பிரதியில் எழுதி வைத்த குறிப்புகள், வாலண்டைன் கிராஸ் வரைந்த கோட்டோவியங்கள், ரோரிக் வடிவமைத்த உடைகள், அன்றைய பத்திரிகை விமர்சனங்கள், இப்படிப்பட்டவைதான். இவற்றிலிருந்து அடிகள் திரும்பி வந்தன.

பல்கலைக்கழகத் துறைகளில் சின்னதாகத் தெரியும் விஷயம் பெரிதாவதும் நடந்திருக்கிறது. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆங்கில நாடக ஆசிரியர் ஹரால்ட் பின்டர் எழுதிய முதல் நாடகம் 1957 மே மாதம் பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத் துறையில்தான் முதலில் மேடையேறியது. அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பர் ஹென்றி வுல்ஃப் கேட்டதற்காகப் பின்டர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பருவத்துச் செய்தியில் "மாணவர்களின் ஓரங்க நாடகம் சிறப்பாக நடைபெற்றது" என்று மட்டும் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருந்தால் நமக்கு எவ்வளவு இழப்பு என்று யோசியுங்கள்.

அதனால் நடைமுறையில் நான் கேட்பது: தேதியோடு ஆண்டையும் போடுங்கள். பழைய மடல்களில் "சென்ற வெள்ளிக்கிழமை" என்று இருக்கும், எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். பெயர்களை முதலெழுத்தோடு முழுதாக எழுதுங்கள். எந்த அரங்கம், எவ்வளவு நேரம் ஓடியது, இசை நேரில் வாசித்ததா பதிவா, வீடியோ எடுத்தார்களா, எடுத்தால் அது யாரிடம் இருக்கிறது. ஒருவரின் சொந்த மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது என்றால், அவர் படிப்பு முடித்துப் போகும் நாளில் அதுவும் போய்விடும்.

பாதரேகை:

சுவடிப்பெட்டி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு பார்வை இருக்கிறது. நாளைய ஆராய்ச்சியாளருக்காக எழுதினால் இன்றைய முதலாண்டு மாணவர் மூன்றாவது வரியில் விட்டுவிடுவார். பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் கடைசியில் சின்ன எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். மேலே உள்ள பத்தி கதை மாதிரி ஓட வேண்டும்.

நான் நடனம் ஆடுகிறவள். நடனத்தைப் பற்றி வரும் செய்திகளைப் படித்தால் எனக்கு ஆற்றாமைதான் வரும். "மாணவிகளின் நடனம் அனைவரையும் மயக்கியது" என்று எழுதுவார்கள். அந்த நடனத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், வேகமா நிதானமா, தரையோடு ஒட்டியதா குதிப்பதா, அவர்கள் ஒருவரையொருவர் தொட்டார்களா, எதுவும் இருக்காது. நாடகம் என்றால் குறைந்தபட்சம் கதை என்ன, எழுதியது யார் என்றாவது வரும். நடனத்துக்கு ஒரு பெயரடையும் ஒரு புகைப்படமும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்ததை வினைச்சொற்களில் எழுதிப் பாருங்கள். "ஐந்து பேரும் முதுகைக் காட்டியபடி தொடங்குகிறார்கள், ஒருவர் விழ நான்கு பேர் அவரைத் தாங்காமல் விலகுகிறார்கள், மூன்றாவது முறை விழும்போதுதான் ஒரு கை நீளுகிறது" என்று எழுதினால் பார்க்காதவருக்கும் ஏதோ கிடைக்கும். அழகு, அற்புதம் எல்லாம் தேவையே இல்லை.

காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருவருக்கு எங்கே அடிபட்டது என்பது அவருடைய சொந்த விஷயம். அவர் சரி என்று சொல்லாமல் பெயரையும் கணுக்காலையும் சேர்த்து எழுதாதீர்கள். இது மரியாதை மட்டுமே இல்லை, பிழைப்பும் இதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஏதோ ஒரு குழுவின் தேர்வுக்குப் போகும்போது அந்தச் செய்தி இணையத்தில் கிடைத்தால் யாரோ ஒருவர் தயங்கலாம். "மருத்துவக் காரணத்தால் தள்ளி வைக்கப்பட்டது, அந்தப் பகுதியை இன்னார் கற்றுக்கொண்டு ஆடினார்" என்று எழுதினால் போதுமானது. அவசரமாகக் கற்றுக்கொண்டு மேடை ஏறியவரின் பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது. மாற்று ஆட்டக்காரராக இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும், மற்றவர்கள் யாருடைய இடத்தை எடுத்தார் என்று மட்டும் பேசுவார்கள்.

பயிலரங்கு விஷயத்தில் ஒன்று. யார் வந்தார், எங்கெல்லாம் ஆடியவர் என்று அவருடைய பெருமைகளை ஒரு பத்திக்கு எழுதிவிட்டு "மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்" என்று முடிக்காதீர்கள். என்ன செய்யச் சொன்னார்? எது வரவில்லை? நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972 ஜனவரியில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரிக்கு வந்தபோது மாணவர்களை வைத்து, விரிப்புகளின் மேல் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்து எழுவதை ஒரு நிகழ்ச்சியாகச் செய்தார். 'மேக்னீசியம்' என்று அதற்குப் பெயர். காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன் என்று, ஒருவரையொருவர் தொட்டபடி முன்பே அமைக்காமல் இன்று உலகம் முழுக்க ஆடும் வடிவம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அன்று எடுத்த வீடியோ இருப்பதால் அந்த மாணவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று நாமும் பார்க்க முடிகிறது. உங்கள் ஸ்டுடியோவில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதுதான் செய்தி, வந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு எங்கேயும் கிடைக்கும்.

முதல்மணி:

மூவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தரையைப் பற்றி விசாரித்தேன், ஸ்டுடியோவைப் பராமரிக்கும் ஊழியர்தான் ஈரம் ஏறி மரம் உப்பியிருப்பதை முதலில் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பெயரைப் போடப் போகிறேன்.

இரண்டு சிக்கல்கள். துறைத் தலைவர் "இவ்வளவு பெயர்கள் வேண்டாம், இயக்குநர், நடன அமைப்பாளர், முக்கியப் பாத்திரங்கள் போதும்" என்கிறார். இன்னொன்று, நாடகப் பக்கத்து மாணவர்கள் படமெல்லாம் நடனத்துக்கே போகிறது என்று வருத்தப்படுகிறார்கள், நடனப் பக்கத்தவர்களோ எழுத்தெல்லாம் நாடகத்துக்கே போகிறது என்கிறார்கள். இரண்டுமே உண்மைதான் என்று பழைய இதழ்களைப் பார்த்தால் தெரிகிறது. துறை சேர்ந்தும் மடல் சேரவில்லை.

பழையபாடம்:

இரண்டாவது சிக்கலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் நாடகமும் நடனமும் வெவ்வேறு வாசல் வழியாக வந்தவை. நாடகம் பெரும்பாலும் இலக்கியத் துறையின் பின்கட்டிலிருந்து வந்தது. ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் ஆங்கிலத் துறைக்குள் இருந்துகொண்டுதான் நாடகம் எழுதவும் தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தார். நாடக ஆசிரியர் யூஜீன் ஓ'நீல் அவரிடம் படித்தவர். முழுமையான நாடகத் துறை வேண்டும் என்றவருக்கு அங்கே இடம் கிடைக்காமல் 1925இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நடனமோ பல இடங்களில் உடற்கல்வியிலிருந்து வந்தது. மார்கரெட் ஹடப்ளர் உயிரியல் படித்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். அங்கே 1926இல் அவர் தொடங்கியதுதான் அமெரிக்காவில் நடனத்துக்கான முதல் பட்டப்படிப்பு, அதுவும் பெண்கள் உடற்கல்விக்குள்.

ஒரு பக்கம் பிரதியை நம்பி வளர்ந்தது, இன்னொரு பக்கம் உடம்பை நம்பி வளர்ந்தது. அதனால்தான் நாடகச் செய்தி எழுத்தாளரிலிருந்து தொடங்குகிறது, நடனச் செய்தி படத்திலிருந்து தொடங்குகிறது. இந்த முறை மாற்றிப் பாருங்களேன். நாடக நடிகரின் உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள், நடன அமைப்பாளரிடம் இந்த வரிசையை ஏன் இப்படி அமைத்தீர்கள் என்று கேட்டு அவர் யோசனையை எழுதுங்கள். நடிகர்கள் பேசும் ஒரு நல்ல படமும், நடனத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தியும் வந்தாலே பாதி வருத்தம் தீரும்.

பெயர்கள் விஷயத்தில் உங்கள் தலைவரிடம் சிலப்பதிகாரத்தைக் காட்டுங்கள். அரங்கேற்று காதையில் மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன் இளங்கோ யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஆடலாசிரியர், இசையாசிரியர், பாட்டு எழுதும் புலவர், தண்ணுமை வாசிப்பவர், குழல் வாசிப்பவர், யாழ் வாசிப்பவர், ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியாக. அப்புறம் மேடையின் அளவு: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல். மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைத்தது வரைக்கும் சொல்லியிருக்கிறார். ஒளியமைப்புக் குறிப்பு அது. காப்பியத்தில் இவ்வளவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, நம் மடலில் அரைப் பக்கம் கிடைக்காதா?

விங்ஸ்_ஓரம்:

தலைவர் இடம் இல்லை என்றால், பாதரேகை சொன்ன மாதிரி கட்டம் கட்டிச் சின்ன எழுத்தில் போடுங்கள், பெயர் மட்டும் யாருக்கும் விடாதீர்கள். முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். ஸ்டேஜ் மேனேஜரிடம் ப்ராம்ப்ட் புக்கும் (வசனம், அசைவு, விளக்கு மாற்றம் எல்லாம் குறித்து வைத்த பிரதி) தினசரி ஒத்திகை அறிக்கைகளும் இருக்கும். அதில் யார் எப்போது சேர்ந்தார், எந்தக் காட்சி எந்த நாளில் மாறியது, ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை நிமிடம் என்று எல்லாம் இருக்கும். முன்னோட்டத்துக்கும் கடைசி நாளுக்கும் நேரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள், அதுவே ஒரு செய்தி. இன்னொரு விஷயம், படம் போடும் முன் நடன அமைப்பாளரிடமும் படத்தில் இருப்பவர்களிடமும் அனுமதி கேளுங்கள். வீடியோ துண்டு போடுவதாக இருந்தால் இசைக்கும் நாடகப் பிரதிக்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மேடையில் நிகழ்த்த வாங்கிய அனுமதி இணையத்தில் ஏற்ற வாங்கியது ஆகாது.

ஓய்வு பெறும் ஆசிரியையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சுவடிப்பெட்டி நீங்கள் சொல்லுங்கள்.

சுவடிப்பெட்டி:

அவரைப் பற்றிய பகுதியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். "அன்பானவர், கண்டிப்பானவர், அர்ப்பணிப்பு மிக்கவர்" என்று எல்லா ஓய்வுச் செய்தியிலும் இருக்கும். அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று அவரிடமே கேளுங்கள். வகுப்பை எப்படித் தொடங்குவார், அந்தத் தொடக்கப் பயிற்சி எங்கிருந்து வந்தது, காலப்போக்கில் எதை மாற்றினார், எதை விட்டுவிட்டார், ஏன். அவர் அமைத்தவற்றில் எவை எழுத்துக் குறிப்பாக இருக்கின்றன, எவை மாணவர்களின் உடம்பில் மட்டும் இருக்கின்றன. நடனம் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகப் போகிற வித்தை, லாபான் 1928இல் நடன அசைவுகளை எழுதும் குறியீட்டு முறையை வெளியிட்ட பிறகும் எல்லாத் துறைகளிலும் எழுதி வைப்பவர்கள் இல்லை. அவர் அறையைக் காலி செய்யும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். பெட்டியில் பழைய நிகழ்ச்சிக் கையேடுகள் இருந்தால் தூக்கிப் போட விடாதீர்கள். மடலுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் வேண்டும், மீதி துறையில் இருக்கட்டும்.

முன்னாள் மாணவர் செய்தியில் வெறும் வாழ்த்தோடு நிறுத்தாமல், தேர்வு எப்படி நடந்தது, ஒப்பந்தம் எவ்வளவு காலம் என்று அவர் சொல்ல விரும்பினால் கேட்டு எழுதுங்கள். இப்போது படிப்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். மேடைக்குப் பின்னால் வேலைக்குப் போனவர்கள், பள்ளியில் கற்றுக்கொடுப்பவர்கள் செய்தியும் வேண்டும்.

முதல்மணி:

கட்டத்தில் எல்லாப் பெயரும் போடத் தலைவர் ஒப்புக்கொண்டார். அரங்கேற்று காதையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன், நின்று படித்தார். ஆசிரியையிடமும் பேச நேரம் வாங்கிவிட்டேன். தயாரிப்பைப் பற்றி எழுதிய வரைவு இது, பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன்:

"இந்த நிகழ்ச்சியில் வசனம் பேசுகிறவர்கள் ஆடவில்லை, ஆடுகிறவர்கள் பேசவில்லை என்ற விதியோடு ஒத்திகை தொடங்கியது. பாதி வழியில் அந்த விதி உடைந்தது. கடிதம் படிக்கும் காட்சியில் நடிகர் மூச்சு வாங்கும் இடங்களை எண்ணிக்கொண்டு நடனக் கலைஞர்கள் அடி வைக்கிறார்கள், இசை கிடையாது. நடிகர் ஒரு நாள் வேகமாகப் படித்தால் நடனமும் அன்று வேகமாகும். மேடையின் இடது பக்கம் பக்கவாட்டு விளக்குகளுக்கும், வலது பக்கம் நடிகர்கள் வந்து போவதற்கும் என்று ஒளியமைப்பாளர் பிரித்துக் கொடுத்ததால், எல்லா வருகையும் ஒரே பக்கத்திலிருந்து நிகழ்கிறது. இயக்குநர் முதலில் இதை ஏற்கவில்லை. பிறகு அதையே வைத்து, எல்லோரும் ஒரே வீட்டிலிருந்து வெளியே வருகிறவர்கள் என்று காட்சியை மாற்றி அமைத்தார். மருத்துவக் காரணத்தால் நிகழ்ச்சி ஒரு வாரம் தள்ளி வைக்கப்பட்டு, முதன்மை நடனப் பகுதியை இன்னொரு மாணவி கற்றுக்கொண்டு ஆடினார்."

பாதரேகை:

மூச்சை எண்ணி அடி வைப்பதைப் படித்ததும் எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. கடைசி வரியில் "இன்னொரு மாணவி" என்ற இடத்தில் பெயர் வரும் என்று நம்புகிறேன். அவருக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் சேருங்கள், அடிபட்டவரே சொல்லிக்கொடுத்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அதையும் எழுதுங்கள்.

சுவடிப்பெட்டி:

நல்ல பத்தி. ஓடிய நேரமும் ஆண்டும் கட்டத்தில் வருகிறதா? நடிகர் படிக்கும் வேகத்தைப் பொறுத்து நேரம் மாறும் என்பதால், விங்ஸ் ஓரம் சொன்ன ஒத்திகை அறிக்கையைப் பார்த்து மிகக் குறைந்த நேரம், மிக அதிக நேரம் இரண்டையும் போட்டுவிடுங்கள்.